கௌதமன் மனை வாங்கப் பூப்போட்ட கதை

கௌதமன் ரியல் எஸ்டேட் அதிபர் ஆவதென்று முடிவு செய்தது குளியலறையில், தலையில் சோப்பு நுரையோடு. பெரிய முடிவுகளை எல்லாம் அவர் அங்கேதான் எடுப்பார். வெளியே எடுத்தால் மனைவி அன்புக்கரசி விடமாட்டாள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. ஊரார் கிணற்றுக்கெல்லாம் மோட்டார் செய்து அனுப்புகிற தனக்கு ஒரு குழி வெட்டக்கூடச் சொந்த மண் இல்லையே என்று ஏக்கம். அந்த ஏக்கத்துக்கு யூடியூப் எண்ணெய் ஊற்றியது. டை கட்டிய ஒருத்தர் தினமும் விரலை நீட்டி, 'முதல் அடியை எடுத்து வையுங்கள்' என்றார். கௌதமன் திட்டம் போட்டுவிட்டார். முதலில் ஒரு மனை. அதை விற்று இரண்டு. அதையும் விற்று நாலு. அப்புறம் வேலையை விட்டுவிட்டு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார். வேட்டி மட்டும் முன்கூட்டியே வாங்கியாயிற்று.

மனையைப் புரோக்கர் சுந்தரராஜுலு பிடித்துக் கொடுத்தார். மலையடிவாரத்தில் 'மலைமகுடம் அவென்யூ'. மெயின் ரோட்டுக்குப் பத்தே நிமிஷம் என்றது நோட்டீஸ். எதில் போனால் என்று சொல்லவில்லை. பணத்துக்கு, மகள் யுவஸ்ரீயின் காலேஜுக்கென்று போட்டுவைத்த டெபாசிட் இருந்தது.

மிச்சம் இருந்தது அன்புக்கரசிதான். அவள் ரேஷன் கடையில் எடை போடுகிறவள். யார் பையில் எங்கே ஓட்டை என்று வரிசையில் நிற்கும்போதே சொல்லிவிடுவாள்.

"ஏனுங்க, அங்க தண்ணி இருக்குதுங்களா?"

"போர் போட்டாப் பீச்சி அடிக்கும் அம்மணி."

"பக்கத்துல ஊடு, கடை ஏதாச்சும்?"

"நாம போனா எல்லாரும் வருவாங்க."

"அப்ப எல்லாரும் போகட்டுமுங்க, நாம வரலாம்."

"நீ அரிசிய எடை போடு. நெலத்த நான் எடை போட்டுக்கறேன்! மண்ணு மொகத்தப் பாத்தே சொல்லிப்போடுவேன், பொன்னா புண்ணாக்கான்னு."

அன்புக்கரசி சண்டைக்கு வரவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

"சரிங்க. அம்மன்கிட்டப் பூப்போட்டுக் கேட்டுப்போடலாம். உத்தரவு வந்துருச்சுன்னா அங்கயே அட்வான்ஸ் குடுத்துருங்க. நான் மூச்சு உடமாட்டேன்."

பூப்போட்டுக் கேட்பதென்றால் அந்தப் பக்கத்தில் அப்பீல் இல்லாத தீர்ப்பு. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் செய். சிவப்பு வந்தால் விட்டுவிடு. கல்யாணமோ காடு கழனியோ, அதற்குமேல் எவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

"பொட்டலம் நானே கட்டிப்போடறேன்," என்றார் கௌதமன். இவ்வளவு பெரிய முதலீட்டை அதிர்ஷ்டத்திடம் விட அவர் என்ன விவரம் கெட்டவரா?

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு ஓரம் போய் நின்றார்.

"ராசாத்தாக்கா, ரெண்டு நந்தியாவட்டை பறிச்சுக்கட்டுங்களா?"

"பறிச்சுக்க சாமி. பூப்போட்டுக் கேக்கறீங்களாமே. செவப்பு அரளி வேண்டாமா?"

"செவப்பு... ஊட்டுல இருக்குதுங்கக்கா."

வீட்டில் சிவப்பாக இருந்தது கேஸ் சிலிண்டர் மட்டும்தான்.

இரண்டு வாழையிலைத் துண்டிலும் வெள்ளைப் பூவையே பொதிந்து, நூல் சுற்றி, பூஜை அலமாரியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். பாட்டுப் பாடிக் குளித்தார். வந்து சாமி படத்தைக் கும்பிட்டபோது, படத்தின் மேல் வெள்ளைப் பூ பளிச்சென்று சிரித்தது. சகுனம்கூட நம் பக்கம்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, புது வேட்டியைக் கட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் கேட் வைக்கலாம் என்று பார்த்துவர மனைக்குக் கிளம்பினார். சுந்தரராஜுலு பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார்.

மனையில் தாம்பாளம் அகலத்துக்கு வரிசையாகப் பள்ளங்கள்.

"இதென்னங்க குழி?"

"தென்னங்கன்னு வெக்கறதுக்குங்க. நாங்களே எடுத்துக் குடுத்தர்றோம்."

"அங்க என்னமோ குமிச்சுக் கெடக்குது?"

"இயற்கை உரமுங்க. அதுவும் ஃப்ரீ."

"வேலி சாஞ்சிருக்குதுங்களே?"

"காத்தோட்டமான எடமுங்க."

அப்போது புதருக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம். பஸ் ஹாரன் என்று நினைத்துக் கௌதமன் சந்தோஷப்பட்டார். பஸ் வசதியும் இருக்கிறதே! சுந்தரராஜுலுவிடம் சொல்லத் திரும்பினால் ஆளைக் காணோம். தூரத்தில் அவருடைய பைக் மட்டும் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. புதர் இரண்டாகப் பிரிந்தது. உள்ளேயிருந்து ஒரு தும்பிக்கை எட்டிப்பார்த்தது.

மெயின் ரோடு எப்படிப் பத்தே நிமிஷம் என்பது அப்போதுதான் விளங்கியது. யானைக்கு முன்னால் ஓடினால் பத்தே நிமிஷம்.

டீக்கடை பெஞ்சில் விழுந்து, வேட்டியில் ஒட்டிய முள்ளைப் பிடுங்கும்போதுதான் யானையைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து உட்கார்ந்தது. பொட்டலம்! இரண்டிலும் வெள்ளை. அம்மன் 'வாங்கு' என்றுதான் சொல்லப்போகிறாள். சொன்ன பிறகு மாட்டேன் என்றால் சாமி குத்தம். யுவஸ்ரீயின் காலேஜ் யானைக் காலடியில் போய்விடும். அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. போனை எடுத்தார்.

"அம்மணி, அந்தப் பொட்டலம் ரெண்டும் எங்க?"

"என்ற பூக்கூடைலதானுங்க. கடையிலிருந்து நேரா கோயிலுக்கு வந்தர்றேன். ஏனுங்க?"

"இல்ல... நூலு லூசாக் கட்டிப்போட்டனோன்னு..."

"அதெல்லாம் இறுக்கமா இருக்குதுங்க."

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அம்மனுக்கே கள்ளப் பொட்டலம் கட்டினேன் என்று ஒரு ரேஷன் கடைக்காரியிடம் எந்த வாயால் சொல்வது?

பொழுது சாய்கிற நேரத்தில் கோயிலில் எல்லோரும் கூடினார்கள். சுந்தரராஜுலுவும் அக்ரிமென்ட்டோடு வந்திருந்தார். முகத்தில் வெட்கம் என்பது மருந்துக்கும் இல்லை.

"ஆனை எப்பவாச்சும் ஒருக்கா வருமுங்க," என்று காதைக் கடித்தார். "இன்னைக்குப் புள்ளையாரே நேர்ல வந்து எடத்தக் காட்டிக் குடுத்திருக்கறாரு. உங்க யோகம்!"

பூசாரி பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்து, தீபம் காட்டி, யுவஸ்ரீயைக் கூப்பிட்டார். "எதாச்சும் ஒண்ண எடு கண்ணு."

கௌதமன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். 'தாயே, ரெண்டும் வெள்ளைன்னு உனக்கே தெரியும். எப்படியாச்சும் என்னைக் காப்பாத்திப்போடு. இனிமே மண்ணு வேணும்னாப் பூந்தொட்டியோட நிறுத்திக்கறேன்.'

இலை பிரிகிற சத்தம் கேட்டது.

"செவப்புங்க," என்றார் பூசாரி. "அம்மன் வேண்டாங்கறா."

கௌதமன் அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நெஞ்சில் ஏறி நின்ற யானை இறங்கிப் போய்விட்டது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அடுத்த வாரம் இன்னொருக்காக் கேக்கலாமுங்க," என்று இழுத்தார் சுந்தரராஜுலு.

"அம்மன் வாக்குக்கு மேல ஒரு வார்த்தை பேசப்படாது!" என்று கர்ஜித்தார் கௌதமன்.

வீட்டுக்கு நடக்கும்போது அவருக்கு உள்ளே பொங்கிக்கொண்டு வந்தது. வெள்ளைப் பூ சிவப்பாவதென்றால் சாதாரண அற்புதமா? யாரிடமும் சொல்லாமல் எப்படி ஜீரணிப்பது?

"அன்பு, நெசத்தச் சொல்லிப்போடறேன். திட்டாத. ரெண்டு பொட்டலத்துலயும் நான் வெள்ளைதான் வெச்சுக் கட்டுனேன். அம்மன் அதச் செவப்பாக்கிப்போட்டா!"

"அப்படீங்களா?"

அன்புக்கரசி பூக்கூடைக்குள் கையைவிட்டு, பூசாரி பிரிக்காமல் திருப்பிக் கொடுத்த இன்னொரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். கௌதமன் பிரித்தார். சிவப்பு அரளி. யுவஸ்ரீ துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"செவப்பு ஊட்டுல இருக்குதுன்னீங்களாமா, உங்க ஊட்டுல ஏதுன்னு ராசாத்தாக்கா குரல் குடுத்தாங்க. நீங்க உள்ள குளிச்சுட்டுப் பாடிட்டு இருந்தீங்க. நான் போயி ரெண்டு அரளி வாங்கிட்டு வந்து, ரெண்டு பொட்டலத்துலயும் மாத்திக் கட்டுனேன்."

கோபம் வந்திருக்க வேண்டும். அவருக்கு வந்ததென்னவோ நிம்மதிதான். டெபாசிட் பத்திரம், மகள் காலேஜ் பத்திரம், கை கால் பத்திரம். இருந்தாலும் ஆண்பிள்ளை என்று ஒன்று இருக்கிறதே. தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப, நான் கட்டுன வெள்ளைப் பூவு?"

"அப்பவே சாமி படத்துக்கு வெச்சுட்டேனுங்க. நீங்கதான் குளிச்சுப்போட்டு வந்து, கன்னத்துல போட்டுக் கும்புட்டுட்டுப் போனீங்க."