புஷ்பத்தின் ஹாரன் வாய் மூடிய கதை

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் இந்தக் காட்டுச் சிங்கத்துக்கு மாற்றல் உத்தரவு வந்து மூன்று மாதம் ஆகிறது. புது ராஜா இன்னும் வந்து சேரவில்லை. அதனால் ராஜாவை விட்டுவிடுவோம். அதே காட்டில் புஷ்பம் என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். அவளிடம் ஒரு பழைய கார் இருந்தது.

தினமும் காலையில் பதினொரு முயல்குட்டிகளை அந்தக் காரில் அடைத்துக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவதுதான் அவள் பிழைப்பு. டிரைவர் சீட்டு அவள் முள் குத்திக் குத்திச் சல்லடையாகியிருந்தது. பேருக்குத்தான் உடம்பெல்லாம் முள். மனசு வாழைப்பழம். யாராவது ஏதாவது கேட்டால், அவள் யோசித்து, வெட்கப்பட்டு, தொண்டையைச் சரிபண்ணிப் பதில் சொல்வதற்குள் கேட்டவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். வீட்டில் இருக்கிற அவளுடைய ரெண்டு குட்டிகளே அவள் அதட்டினால் சிரிக்கும். வெளியுலகத்தில் அவளுக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தது அந்தக் காரின் ஹாரன்தான்.

அந்த ஹாரன் ஒரு திங்கட்கிழமை காலையில் வாயை மூடிக்கொண்டது.

மூடிக்கொண்ட இடம் வாய்க்கால் பாலம். அங்கே ஒன்பது எருமைகள் தார் ரோட்டில் குறுக்கே படுத்திருந்தன. தார்ச் சூடு இடுப்புவலிக்கு நல்லதாம். புஷ்பம் ஹாரனை அமுக்கினாள். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை அமுக்கினாள். காரின் வைப்பர்தான் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது, அதுவும் அவள் முழங்கை பட்டதால்.

வேறு வழியில்லாமல் இறங்கிப் போய், எருமைகளில் மூத்தவளான கருப்பாயி பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் எந்திரிச்சீங்கன்னா..."

"யாரு, புஷ்பமா? ஹாரன் அடிம்மா, எந்திரிக்கிறோம்."

"அது அடிக்க மாட்டேங்குது அக்கா."

"அடிக்காத ஹாரனுக்கு எப்படிம்மா எந்திரிக்கிறது? எங்களுக்குன்னு ஒரு வழக்கம் இருக்குல்ல. மொத ஹாரனுக்குக் கண்ணத் தொறப்போம். ரெண்டாவதுக்கு வால ஆட்டுவோம். மூணாவதுக்குத்தான் எந்திரிப்போம்."

"வாயால சொன்னா ஆகாதா அக்கா?"

"வாயால சொல்றதுக்கெல்லாம் எந்திரிச்சா, நாளைக்கு ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பிச்சிருவாங்க."

காருக்குள் இருந்த பதினொரு முயல்குட்டிகளும் ஜன்னலில் தலையை நீட்டி, "பேம், பேம்" என்று கத்திப் பார்த்தன. கருப்பாயி ஒரு கண்ணை மட்டும் திறந்து, "குரல் நல்லாருக்கு. பாட்டுப் போட்டிக்குப் பேரு குடுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

வெயில் ஏறி, சூடு அதிகமாகி, எருமைகள் தாங்களாக எழுந்தபோது மணி பத்து.

பள்ளிக்கூட வாசலில் தலைமையாசிரியை கொக்கு டீச்சர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். அவர் எப்போதுமே அப்படித்தான் நிற்பார், ஆனால் லேட்டாக வருகிறவர்களுக்கு அது கோபமாகத் தெரியும்.

"புஷ்பம், விதி உனக்குத் தெரியும். தொடர்ந்து மூணு நாள் லேட்டானா நான் வண்டிய மாத்திருவேன். நரி ரத்தினம் வேன் காலியாத்தான் நிக்குது."

இதைக் கேட்டதும் பதினொரு குட்டிகளின் இருபத்திரண்டு காதும் ஒரே நேரத்தில் கீழே தொங்கின. நரி ரத்தினத்தின் வேன் நல்ல வேன்தான். ஏ.சி. உண்டு, எட்டு விதமாகப் பாடுகிற ஹாரன் உண்டு. ஒரே ஒரு குறை. அந்த வேனில் காலையில் பத்துப் பேர் ஏறினால் பள்ளிக்கூடத்தில் எட்டுப் பேர் இறங்குவார்கள். பெற்றோர் போய்க் கேட்டால் ரத்தினம் பல்லைக் குத்திக்கொண்டே, "நான் சின்ன வயசுலயிருந்தே கணக்குல வீக்குங்க" என்பான்.

அன்றைக்கு மத்தியானமே புஷ்பம் ஹாரன் வாங்கின கடைக்கு ஓடினாள். வாங்கி இருபது நாள்தான் ஆகிறது, கேரண்டி இருக்கிறது. கடையில் வரிசை ஆலமரம் வரைக்கும் நின்றது. கிட்டே போய்ப் பார்த்தால் வரிசையில் நின்றது ஒரே ஒரு மலைப்பாம்பு. அது முழுசாக நகர்வதற்கு இரண்டு மணிநேரம் ஆனது.

கவுண்டரில் ஓணான் கிளார்க் உட்கார்ந்திருந்தார்.

"சார், இதுக்குப் புது ஹாரன் மாத்தித் தருவீங்களா?"

ஓணான் தலையாட்டினார்.

"இன்னிக்கேவா சார்?"

ஓணான் இன்னும் வேகமாகத் தலையாட்டினார். புஷ்பத்துக்குச் சந்தோஷத்தில் முள்ளெல்லாம் நிமிர்ந்தது. மலைப்பாம்புதான் போகிறபோக்கில் திரும்பி, "அவரு எல்லாத்துக்கும் ஆட்டுவாருமா. அது அவருக்கு உடம்பு வாகு. ஃபாரம் வாங்கிக்க" என்றது.

ஃபாரத்தில் பதினேழாவது கட்டத்தில் இப்படிப் போட்டிருந்தது: 'ஹாரன் சத்தம் கேட்கவில்லை என்பதற்கு, அதைக் கேட்காத ஒருவரின் சாட்சி.' புஷ்பம் அதை எடுத்துக்கொண்டு கருப்பாயியிடம் போனாள். கருப்பாயி பெருந்தன்மையாகக் குளம்பைச் சாணியில் முக்கிக் கையெழுத்துப் போட்டு, மேலே எழுதியும் கொடுத்தாள்: 'நான் எழுந்திருக்கவில்லை. ஆகவே ஹாரன் அடிக்கவில்லை.'

செவ்வாய்க்கிழமை காலையில் அதே பாலம், அதே ஒன்பது எருமை, அதே பத்து மணி. கொக்கு டீச்சர் இரண்டு விரலை மட்டும் காட்டினார். மத்தியானம் கடையில் ஓணான் ஃபாரத்தைப் படித்துத் தலையாட்டிக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். அடிக்காத ஹாரன் சரியாக எத்தனை மணிக்கு அடிக்கவில்லை என்று குறிப்பிடவில்லையாம்.

இனி மெக்கானிக் செல்லத்துரைதான் கதி என்று சாயங்காலம் காரை அவன் மரத்தடிக்கு ஓட்டினாள். செல்லத்துரை ஒரு மரங்கொத்தி. எந்த வண்டி வந்தாலும் முதலில் நாலு தட்டுத் தட்டுவான். பாதி வண்டிகள் அதிலேயே பயந்து சரியாகிவிடும். இது ஆகவில்லை.

"கடைசியா எப்பம்மா அடிச்சுது?"

"வெள்ளிக்கிழம சார்."

"யாரப் பாத்து அடிச்சீங்க?"

"ஒரு ஆமையப் பாத்து."

"ஆமை வழி விட்டுச்சா?"

"இன்னும் விட்டுக்கிட்டுதான் இருக்கு சார்."

செல்லத்துரை பானெட்டைத் திறந்தான். முதலில் ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். உள்ளே கம்பி அறுபடாமல் இருந்தது.

"ஃபியூஸ் உசுரோட இருக்கு. இப்ப உள்ள உக்காந்து ஹாரன அமுக்குங்க."

அமுக்கினாள். ஹாரனுக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கறுப்பு டப்பாவிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது.

"கேட்டீங்களா? இது ரிலே. நீங்க அமுக்குனது இது வரைக்கும் வந்துருச்சு. அப்ப ஸ்டியரிங்ல இருக்கற சுவிட்சு மேல தப்பு இல்ல, ஃபியூஸ் மேல தப்பு இல்ல, ரிலே மேலயும் இல்ல."

"அப்ப யாரு மேல சார்?"

"இதுக்கு அந்தாண்ட ஒரே ஆளுதான் பாக்கி" என்று சொல்லி, செல்லத்துரை அலகை ஓங்கி ஹாரனைத் தட்டப் போனான்.

"அண்ணே, கொஞ்சம் மெதுவா. இப்பதான் கண்ணசந்தான்."

குரல் ஹாரனுக்குள்ளிருந்து வந்தது. செல்லத்துரை எட்டிப் பார்த்தான். ஹாரனின் வாயை அடைத்து அழகாக ஒரு மண்வீடு. பக்கத்தில் ஹாரன் ஒயர் கழன்று தொங்கியது. வாசலில் ஒரு குளவி, தலைமுடி கலைந்து, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு நின்றாள். பேர் தேன்மொழி. உள்ளே அவள் பிள்ளை, அரிசி பருமன், வாயைத் திறந்துகொண்டு தூங்கியது.

"ஹாரன் ஒயரக் கழட்டுனது நீதானா?" என்றான் செல்லத்துரை.

"பின்ன யாரு? நாலு மணிக்குத் தூங்க வச்சா ஏழரைக்கு 'பேம்'. மறுபடி தட்டித் தட்டி தூங்க வச்சா மறுபடி 'பேம்'. நானும் மனுஷிதானே அண்ணே. கடுப்புல இழுத்து விட்டுட்டேன்."

"நீ குளவி."

"தூங்கி எட்டு நாளாச்சு. நான் யாருன்னே எனக்கு ஞாபகம் இல்ல."

செல்லத்துரை புஷ்பத்தின் பக்கம் திரும்பினான். "கூட்டத் தட்டி விட்டுட்டு ஒயர மாட்டுனா அஞ்சு நிமிஷ வேல. தட்டிரவாம்மா?"

புஷ்பம் அந்த அரிசி பருமன் பிள்ளையைப் பார்த்தாள். பதினொரு முயல்குட்டிகளை நினைத்தாள். நரியின் பல்குச்சியை நினைத்தாள். மறுபடி பிள்ளையைப் பார்த்தாள். அது தூக்கத்தில் சிரித்தது. அவள் யோசித்து, வெட்கப்பட்டு, தொண்டையைச் சரிபண்ணி, "வேணாம் சார்" என்று சொன்னபோது செல்லத்துரை கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை விடிந்தது. மூன்றாவது நாள். பாலத்தில் ஒன்பது எருமைகளும் வரிசை கலையாமல் படுத்திருந்தன. காருக்குப் பின்னால் நரி ரத்தினத்தின் வேன் வந்து நின்றது. அவன் ஹாரன் அடிக்கவில்லை. அவனுக்கு என்ன அவசரம்? மார்பில் ஒரு வெள்ளைத் துண்டைக் கட்டிக்கொண்டு, மணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். எட்டே முக்கால் ஆயிற்று. குட்டிகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. ஒரு குட்டி மட்டும் "ஏ.சி. இருக்குமாடா?" என்று மெதுவாக விசாரித்தது.

புஷ்பம் பழக்கதோஷத்தில் ஹாரனை அமுக்கினாள்.

டிக்.

இன்னொரு தடவை. டிக். பயத்தில் விடாமல் அமுக்கினாள். டிக், டிக், டிக், டிக்.

பானெட்டுக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு அழுகைச் சத்தம் கிளம்பியது. பிறகு தேன்மொழி வெளியே வந்தாள்.

"யாரு எழுப்புனது?"

புஷ்பம் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அது வெளியே வர நேரமாகும் என்பது ஊருக்கே தெரியும். அதற்குள் பதினொரு முயல்குட்டிகளும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி எருமைகளைக் காட்டின.

கருப்பாயி அப்போது கண்ணை மூடியிருந்தாள். அவள் கண்ணைத் திறக்கவில்லை, வாலை ஆட்டவில்லை. நேராக மூன்றாவதுக்கே போய்விட்டாள். அவள் எழுந்த வேகத்தில் பாலம் ஒரு தடவை குலுங்கியது. மற்ற எட்டும் என்ன ஏது என்று கேட்கவில்லை. வாய்க்காலில் ஒன்பது தடவை 'தொபுக்' என்று கேட்டது. அப்படியும் ஆத்திரம் தீராமல் தேன்மொழி திரும்பிப் பார்த்தாள். வெள்ளைத் துண்டு கண்ணில் பட்டது. நரி ரத்தினம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ரிவர்ஸிலேயே பக்கத்துக் காடு வரைக்கும் போனதாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். போகிற வழியெல்லாம் அந்த வேன் எட்டு விதமாகப் பாடியது. அதற்குப் பிறகு அவன் இந்தப் பக்கம் வரவில்லை.

புஷ்பத்தின் கார் பள்ளிக்கூட வாசலுக்குப் போனபோது மணி ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. கொக்கு டீச்சர் இன்னும் தயாராகாமல் இரண்டு காலிலும் நின்றிருந்தார். மாட்டிக்கொண்டவர் மாதிரி அவசரமாக ஒரு காலைத் தூக்கினார். குட்டிகளை எண்ணினார். பதினொன்று. இன்னொரு தடவை எண்ணினார். அப்போதும் பதினொன்று.

"சரி, நீயே ஓட்டு" என்றார்.

மறுநாள் காலையில் அந்தப் பக்கமாக வந்த ஒரு ஆடு, பாலத்தில் ஒரு அதிசயத்தைப் பார்த்தது. தூரத்தில் ஒரு பழைய கார் சத்தமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. ஒன்பது எருமைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, குளம்பு நுனியில் ஒவ்வொரு அடியாக வைத்து, ரோட்டை விட்டு இறங்கிக்கொண்டிருந்தன. ஆடு எதையோ கேட்க வாயைத் திறந்தது. கருப்பாயி ஓடிவந்து அதன் வாயைப் பொத்தினாள்.

"கத்தித் தொலைக்காத. புள்ள தூங்குது."

நீதி: வழி வேண்டுமென்றால் நீ கத்தி என்ன பிரயோஜனம்? பக்கத்தில் தூங்குகிற குழந்தையை எழுப்பிவிட்டுவிட்டு, கையை எதிரே நீட்டு. மிச்சத்தை அதன் அம்மா பார்த்துக்கொள்வாள்.