காகிதப் பைக்குள் ஒரு சபதம்

கிட்டே வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். சத்தம் போட்டுச் சொல்ல முடியாது. டொலோரஸ் பக்கத்து அறையில் துணி மடிக்கிறாள். நாற்பத்தொரு வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவள். சுவருக்கு அந்தப் பக்கம் நான் நினைப்பதே அவளுக்குக் கேட்கும், பேசினால் கேட்காதா?

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு உருக்காலைக்குப் போனவன். எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று இரும்பு, இன்னொன்று ஹேமர்ஸ். ஹேமர்ஸ் எங்கள் ஊர் ஃபுட்பால் அணி. இந்த ஏரிக்கரையில் பிறக்கிற குழந்தைக்கு முதலில் ஹேமர்ஸ் தொப்பி, அப்புறம்தான் பெயர். என் அப்பா எனக்கு விட்டுப்போன சொத்து ஸ்டேடியத்தில் பன்னிரண்டாம் வரிசை, ஏழாம் சீட். ஒவ்வொரு வருஷமும் புதுப்பித்துக்கொண்டே வந்தால் சாகும்வரை நமக்குத்தான். அப்படி ஒரு சீட்டுக்கு ஊரில் பதினெட்டு வருஷக் காத்திருப்புப் பட்டியல் இருக்கிறது. பக்கத்து எட்டாம் சீட் என் சிநேகிதன் லெஸ்டருடையது.

போன ஏப்ரலில் டிராஃப்ட். கல்லூரியில் ஆடும் பையன்களை அணிகள் முறை வைத்துப் பொறுக்கி எடுக்கும் நாள். முந்தின வருஷம் கேவலமாகத் தோற்றவனுக்கு முதல் முறை. அந்த விஷயத்தில் எங்களை மிஞ்ச இரண்டே அணிதான். மூன்றாவது ஆளாகப் பொறுக்குகிறோம்! மலை மாதிரிப் பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள். எங்கள் கோச் பிராட்டன் யாரை எடுத்தான் தெரியுமா?

உதைக்கிறவனை.

எங்கள் ஃபுட்பாலில் காலுக்கு என்ன வேலை? பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிராளியை இடித்துச் சாய்த்து ஓடுவதுதான் ஆட்டம். உதைக்கிறவன் நடுவில் நாலு தடவை வருவான். கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பான். மூன்று புள்ளி. சட்டையில் ஒரு பொட்டு அழுக்கில்லாமல் வீட்டுக்குப் போவான். முதல் சுற்றில் அவனை எடுப்பது, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போய்த் தாம்பாளத்தைப் பிடித்திருக்கிறது என்று தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி.

மறுநாள் காலை மிக்கி ராஸின் ரேடியோ நிகழ்ச்சிக்குப் போன் போட்டேன். ஊரே கேட்கும் நிகழ்ச்சி அது. டொலோரஸ் எதிரில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

“தெற்குத் தெருவிலேர்ந்து காஸ் டுபினா பேசறேன், மிக்கி! அந்த பிராட்டன் கோச்சா இருக்கற வரைக்கும் ஸ்டேடியத்துல கால் வெக்க மாட்டேன்!”

“இதைத்தான் போன வருஷமும் சொன்னீங்க, காஸ்.”

“இது சபதம்! வெச்சா... வெச்சா...”

என்ன பந்தயம் வைப்பது? மீசையை எடுக்கிறேன் என்று சொல்லலாம். எனக்கு மீசை இல்லை. அப்போது டொலோரஸ் கத்தியை நிறுத்தாமலே மெல்லச் சொன்னாள்: “சீட்டைப் பொண்டாட்டிக்கு எழுதிக் குடுத்துடறேன்னு சொல்லு. அசந்துடுவான்.”

“வெச்சா என் ஏழாம் சீட்டைப் பொண்டாட்டிக்கே எழுதிக் குடுத்துடறேன்!”

மிக்கி நிஜமாகவே அசந்துவிட்டான். எனக்கு ஒரே பெருமை. டொலோரஸைப் பார்த்தேன். அவள் உருளைக்கிழங்கைப் பார்த்தாள்.

“நல்ல யோசனை குடுத்தே, டோலி.”

“நாப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவையாவது அந்தச் சீட்டுல என்னை உக்கார வெச்சிருக்கியா, காஸ்?”

“குளிரும்டி.”

“எனக்குக் குளிருமான்னு என்னைக் கேட்டியா?”

“உனக்கு ஆட்டம் புரியாதே.”

“ஆமா ஆமா,” என்று அடுத்த கிழங்கை எடுத்தாள்.

செப்டம்பரில் ஆட்டங்கள் ஆரம்பித்தன. என் சீட்டை யாருக்கும் தரக்கூடாது, காலியாகவே கிடக்க வேண்டும், டிவியில் பிராட்டன் அதைப் பார்த்துக் குமைய வேண்டும் என்று லெஸ்டரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. ஸ்டேடியத்தில் பாதிப்பேர் தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மளிகைப் பையில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அணி மானத்தை வாங்கினால் முகத்தை மூடிக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். நான் சோபாவில் ராஜா மாதிரி சாய்ந்திருந்தேன்.

“பாத்தியா டோலி! நான் சொன்னேனா இல்லையா?”

“சொன்னே. கூரைத் தண்ணிக் குழாய்ல இலை அடைச்சிருக்கு. ஏணி பின்னாடி இருக்கு.”

இதுதான் நான் எதிர்பார்க்காத பக்கவிளைவு. முன்பு ஆட்டம் இருந்தால் ஸ்டேடியத்துக்கு ஓடிவிடுவேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கையில் அகப்படுகிற ஆளாகிவிட்டேன். குழாய் முடிந்தது. அடுத்த வாரம் நிலவறை. அதற்கடுத்த வாரம் சமையலறைக்கு மஞ்சள் பெயிண்ட்.

இதற்கிடையில் ஒரு அக்கிரமம் நடந்தது. ஹேமர்ஸ் ஜெயிக்க ஆரம்பித்துவிட்டார்கள்! அதுவும் யாரால்? அந்த உதைக்கிறவனால். கடைசி நிமிஷத்தில் வருவான், உதைப்பான், போவான். மூன்று ஆட்டம், நாலு, ஆறு. தலைப் பைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பிராட்டனுக்குச் சிலை வைக்கலாம் என்று மிக்கி பேசுகிறான். நான் பெயிண்ட் பிரஷ்ஷோடு நிற்கிறேன்.

“வாயை விட்டுட்டோமேன்னு இருக்கா, காஸ்?”

“கெடையாது! ஆறு இல்ல, அறுபது ஜெயிச்சாலும் முதல் சுற்றுல உதைக்கிறவனை எடுத்தது தப்பு. தப்பு தப்புதான்.”

“சரி. அந்த மூலையில விட்டுப்போச்சு பாரு.”

ஒன்றை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. டிவியில் என் காலிச் சீட்டைக் காட்டினார்கள். அதன்மேல் லெஸ்டரின் கோட்டு. இன்னொரு வாரம் யாரோ ஒருத்தன் நாச்சோ வறுவல் தட்டை வைத்திருந்தான். என் அப்பா உட்கார்ந்த சீட்டில் சீஸ் வழிகிறது! அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

டிசம்பர் கடைசி ஞாயிறு. வருஷத்தின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் அடுத்த கட்டத்துக்குப் போவோம். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. காலையிலேயே டொலோரஸ் கோட்டை மாட்டினாள்.

“அக்கா ஐரீன் வீட்டுக்குப் போறேன். ஆறு மணி ஆகும். இன்னிக்கு உனக்கு வேலை ஒண்ணும் இல்ல. சும்மா இரு.”

வேலை இல்லை என்று அவள் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கார் தெரு முனை திரும்பியதும் சமையலறை இழுப்பறையைத் திறந்தேன். மளிகைப் பைகள் மடித்து அடுக்கியிருந்தன. கத்தரிக்கோல் அவற்றின் மேலேயே இருந்தது. என் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டேன். மேலே கிடந்த பையில் இரண்டு ஓட்டை போட்டேன். நெற்றியில் ‘பிராட்டனை மாத்து’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். யாராவது கண்டுபிடித்தாலும் எதிர்ப்புத் தெரிவிக்கத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் பாருங்கள். எத்தனை முன்யோசனை!

ஸ்டேடியத்து வாசலுக்குப் பத்தடி முன்னால் பையை மாட்டினேன். உள்ளே போனதும் ஒன்று விளங்கியது. அறுபதாயிரம் பேர். எல்லாரும் வெறுந்தலை. ஜெயிக்கிற வருஷத்தில் எவன் பை மாட்டுவான்? நான் ஒருத்தன்தான் இரண்டு காலில் நடக்கிற மளிகைச் சாமானாகப் போய்க்கொண்டிருந்தேன்.

“என்ன காஸ், ரொம்ப நாளாச்சு!” பின்னால் யாரோ கத்தினார்கள்.

நடையை வைத்துக் கண்டுபிடித்திருப்பான் என்று நொண்டி நடந்தேன்.

“காலுக்கு என்ன ஆச்சு, காஸ்?” இது இன்னொருத்தன், அவனும் பின்னாலிருந்து.

தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டேன். ஏழாம் சீட்டில் இருந்த கோட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். குரலை மாற்றி லெஸ்டரிடம், “இந்தச் சீட் காலியா, ஐயா?” என்றேன்.

லெஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தான். கொஞ்சம் சாய்ந்து என் பின்மண்டையைப் பார்த்தான். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு இருமினான்.

“காலிதாங்க ஐயா. இதோட சொந்தக்காரன் பெரிய மானஸ்தன். வரமாட்டான்.”

“அப்படியா?”

“ஆமாங்க. சபதம் போட்டிருக்கான். கொஞ்சம் லூசு.”

மூன்று மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பைக்குள் என் மூச்சே எனக்குக் காலையில் தின்ற கில்பாசா சாசேஜ் வாடை அடித்தது. ஆட்டமோ உயிரை எடுத்தது. மூன்று விநாடி பாக்கி. இரண்டு புள்ளி பின்னால் இருக்கிறோம். உதைக்கிறவன் வருகிறான். ஐம்பத்திரண்டு கஜ தூரம். உள்ளே போனால் ஜெயம். இல்லாவிட்டால் வருஷம் முடிந்தது.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. உதையை நான் பார்ப்பதே இல்லை. ஒரே ஒரு தடவை பார்த்தேன், ஒன்பது வயதில். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. அன்றிலிருந்து உதை என்றால் எழுந்து மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றுவிடுவேன். அன்றைக்கும் திரும்பி நின்றேன். எங்கள் பக்கத்து மேல்மாடியின் உச்சியில் பெரிய திரை ஒன்று. எங்கள் வரிசைக்காரர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை, திரும்பி நிற்கிற நான் ஒருத்தனைத் தவிர.

திரையில் ஒரு காகிதப் பை. பின்பக்கம். சிவப்பு மையில், ஆளுயர எழுத்தில்:

‘இந்தத் தலை காஸ் டுபினாவுடையது. இந்தச் சீட் இனி டொலோரஸுடையது.’

யாரடா இந்தப் பாவி என்று நினைத்தேன். பாதி விநாடிதான். தலையை இடது பக்கம் சாய்த்தேன். திரையில் பையும் சாய்ந்தது.

அறுபதாயிரம் பேரும் ஆர்ப்பரித்தார்கள். பந்து உள்ளே போனதற்கா, எனக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தேன். டொலோரஸும் ஐரீனும் என் சோபாவில் உட்கார்ந்து சோளப்பொரி தின்றுகொண்டிருந்தார்கள்.

“அக்கா வீட்டுக்குன்னு போனே?”

“போனேன். அக்காவைக் கூட்டிட்டு வந்தேன். இங்க டிவி பெருசு.”

“நான் அந்தப் பையைத்தான் எடுப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கென்ன ஜோசியமா தெரியும்? பதினோரு பை இருந்துது. பதினொண்ணுலயும் எழுதி, எழுத்து கீழ இருக்கற மாதிரி அடுக்கினேன். மே மாசமே.”

“மே மாசமா! அப்ப ஒரு ஆட்டம்கூட ஆரம்பிக்கலியே!”

“உன்னை எனக்குத் தெரியும்ல.”

விட்டுக்கொடுக்க நான் என்ன இளிச்சவாயனா? நெஞ்சை நிமிர்த்தினேன். “கால் வெக்க மாட்டேன்னுதான் சொன்னேன். நான் வெச்சது பூட்ஸு!”

ஐரீனுக்குப் பொரி புரையேறியது.

திங்கட்கிழமை மிக்கி என் சபதத்தை ஒலிபரப்பினான். நாலு தடவை. அப்புறம் ஒரு பெண் பேசினாள். நான் காபியோடு கேட்டுக்கொண்டிருந்தேன். குரல் ரேடியோவிலும் வந்தது, மாடிப் படியிலும் வந்தது.

“டொலோரஸ் டுபினா பேசறேன், மிக்கி. முந்தின வருஷம் நாம தோத்ததுல அஞ்சு ஆட்டம் மூணு புள்ளிக்கும் கம்மியில தோத்தது. அஞ்சுலயும் உதை வெளிய போச்சு. அதான் கோச் அந்தப் பையனை எடுத்தாரு. டிராஃப்ட் அன்னிக்கே எனக்குத் தெரியும். எங்க வீட்டுல யாரும் என்னைக் கேக்கல.”

மிக்கி, “வாராவாரம் கூப்பிடறீங்களா, அம்மா?” என்றான். என்னை ஒரு தடவையாவது அப்படிக் கேட்டிருக்கிறானா!

இப்போதும் சொல்கிறேன். முதல் சுற்றில் உதைக்கிறவனை எடுத்தது தப்பு. அவன் கோப்பையே வாங்கிக் கொடுத்தாலும் தப்புதான். என் கருத்தை எந்தப் பையிலும் மூட முடியாது.

ஜனவரியில் அடுத்த கட்ட ஆட்டம் எங்கள் ஊரிலேயே. டொலோரஸ் என் அப்பாவின் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கால்சராய் போட்டுக்கொண்டு, ஃபிளாஸ்கில் சூப்போடு புறப்பட்டாள். சீட்டைப் பெயர் மாற்றும் தாளில் என் கையெழுத்தை முந்தின நாளே வாங்கியாகிவிட்டது. நான் தனியாக டிவி முன்னால் உட்கார்ந்தேன். பன்னிரண்டாம் வரிசையைக் காட்டினார்கள். லெஸ்டர் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தான். எனக்கு அவன் ஒரு கைக்குட்டைகூடப் பிடித்ததில்லை.

மறுபடியும் அதே கதை. நாலு விநாடி. ஒரு புள்ளி பின்னால். உதைக்கிறவன் வருகிறான். நான் எழுந்தேன். டிவிக்கு முதுகைக் காட்டி, சமையலறையின் மஞ்சள் சுவரைப் பார்த்து நின்றேன். கண்ணையும் மூடிக்கொண்டேன். அறிவிப்பாளர் கத்திவிடுவானே என்று காதையும் பொத்திக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் நின்றேனோ. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்தேன். ஒரே கூச்சல். அதற்கு நடுவே அவள் குரல், சாவகாசமாக:

“திரும்பிப் பாரு, காஸ். உள்ள போயிருச்சு.”

வைத்துவிட்டாள்.