கோடி அறையிலிருந்து வந்த குரல்

பூனைக்கு ஊசி போடத் தெரிந்தவளுக்கு உலகத்தில் எதற்குமே பயம் வராது என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். ஆறு வருஷத்துக்கு முந்தைய கதை இது. மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் குடியேறி, வெளியூர் போகிறவர்களின் நோயாளிப் பூனைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அப்போதுதான் ஆரம்பித்திருந்தேன். சர்க்கரை, சிறுநீரகம், வலிப்பு, எதுவானாலும் சரி. (ஆரோக்கியமான பூனைகளைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அவ்வளவு திமிர்.)

முதல் விருந்தாளி அம்மிணி. பன்னிரண்டு வயதுச் சாம்பல் பூனை, சர்க்கரை நோயாளி. சுள்ளிக்கல்லிலிருந்து லீலா டீச்சர் கொண்டுவந்தார். அமெரிக்காவில் இருக்கும் மகளைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டார். கீழே கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"காலம்பற ஆறு, சாயங்காலம் ஆறு. சாப்ட்டப்புறந்தான் இன்சுலின். முன்னாடி போட்டா சர்க்கரை எறங்கி உசிருக்கே ஆபத்தாக்கும்" என்றார். பிறகு ஒரு பெரிய துணிப்பையை நீட்டி, "இதுல இருக்கறத எப்படி வெக்கணும்னா..."

"எனக்கு எல்லாம் தெரியும் டீச்சர். நீங்க நிம்மதியா போங்கோ" என்று அவரைக் காரில் ஏற்றிவிட்டேன். மருந்தை ஃபிரிட்ஜில் வைத்தேன். பையில் பழைய போர்வையும் பொம்மையும்தான் இருக்கும் என்று கோடி அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

அன்று சாயங்காலம் நல்ல மழை. அம்மிணியின் முன்னால் கிண்ணத்தை வைத்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரியாக ஆறு மணிக்கு வீட்டுக்குள்ளிருந்து, மகளைக் கூப்பிடுகிற மாதிரி, ஒரு வயதான ஆணின் குரல் கேட்டது.

"அம்மிணீ... வாடி மோளே... மம்மு சாப்டலாம்..."

அம்மிணி எழுந்தாள். நிதானமாக நடந்து போய், சாத்திய கோடி அறைக் கதவின் முன்னால் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள். ஒரு ஆளின் முகம் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தை.

அந்த வாரம் முழுக்க ஏலூரில் வேலையில் இருந்த என் கணவர் கோபுவுக்கு போன் செய்தேன். "பக்கத்து வீட்டு டிவியாக்கும்" என்றார். எங்களுக்குப் பக்கத்து வீடு கிடையாது. ஒருபக்கம் கிடங்கு, மறுபக்கம் காயல். (கதவைத் திறந்து பார்த்திருக்கலாமே என்பீர்கள். நீங்கள் அங்கே இல்லை.)

அம்மிணி ராத்திரி இரண்டு வாய்தான் நக்கினாள். டாக்டரை போனில் கேட்டு ஊசியைத் தவிர்த்தேன். காலை ஆறு மணிக்கு அதே குரல், அதே கதவு, அதே பார்வை, அதே இரண்டு வாய். சற்று நேரத்தில், விமானம் மாற இறங்கிய ஊரிலிருந்து டீச்சர் கூப்பிட்டார்.

"டீச்சர், உங்காத்துல அம்மிணியை மோளேன்னு விளிக்கறது யாரு?"

"எங்காத்து மாமாதான். அவர் போய் ரெண்டு வருஷமாயாச்சே. ஒனக்கு யாரு சொன்னா?"

பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. அதன்பிறகு அவரும் ஆகாயத்தில்.

சாயங்காலம் கீழே சுக்குக் கடை வைத்திருக்கும் ரஹீம் அண்ணனைத் துணைக்கு அழைத்தேன். ஆறடி உயரம், மீசை மட்டுமே அரையடி.

"பேயுமில்ல ஒண்ணுமில்ல. பெருச்சாளியா இருக்கும்" என்றார்.

"பெருச்சாளி மம்மு சாப்பிடக் கூப்பிடுமா அண்ணே?"

அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, சும்மா நிற்காமல் ஏதாவது செய்யவேண்டுமே என்று அம்மிணிக்கு ஊசியைப் போட்டுவிட்டேன். அப்போது மணி ஐந்து ஐம்பத்தைந்து. அடுத்த ஐந்து நிமிஷத்தில் குரல் வந்தது. ரஹீம் அண்ணன் எனக்கு முன்னால் படியிறங்கினார். நான் கடைசி நான்கு படிகளைத் தொடவே இல்லை.

மழையில் நனைந்தபடி தெருவில் நின்றோம். "கடைக்கு ஆளு வந்தமாரி இருந்துச்சு, அதான் ஓடியாந்தேன்" என்றார். கடை பூட்டியிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே, "ஆமா, பூச்ச தின்னுச்சா?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊசி உள்ளே, சோறு வெளியே. பேய் கொல்லாவிட்டாலும் அவளை நான் கொன்றுவிடுவேன்.

தனியாக மேலே போனேன். "சார், நான் அம்மிணிக்குச் சோறு குடுக்கத்தான் வந்தேன். வேற ஒண்ணுமில்லை சார்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே கோடி அறைக் கதவைத் திறந்தேன். அம்மிணி என் காலைத் தாண்டி உள்ளே போய்ப் பையின் முன்னால் உட்கார்ந்தாள். பைக்குள்ளிருந்து அந்த மனிதர் மறுபடி அழைத்தார்.

உருண்டையான ஒரு பெட்டி. நேரம் குறித்து வைத்தால் பதிவு செய்த குரலில் அழைத்து, தானே மூடி திறந்து தீனி காட்டும் இயந்திரம். இரண்டு நாளாக அது கூப்பிட்டுக் கூப்பிட்டு வெறும் தட்டைக் காட்டியிருக்கிறது.

தட்டை நிரப்பினேன். அம்மிணி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், காத்திருந்தாள். அவள் கால்கள் லேசாகத் தள்ளாட ஆரம்பித்திருந்தன. ஈறில் தேனைத் தடவிவிட்டுப் பெட்டியின் பொத்தானை அழுத்தினேன். "வாடி மோளே..." அவள் ஒரு வாய் தின்றாள். மறுபடி அழுத்தினேன், இன்னொரு வாய். நான் ஒருநாளும் பார்த்திராத அந்த மனிதர் பதினோரு முறை கூப்பிட்டார். தட்டு காலியானது.

மறுநாள் டீச்சரிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். "அவர் சத்தம் கேக்காம அதுக்கு எறங்காது. அதத்தான் சொல்ல வந்தேன். நீ சொல்ல விட்டாயோ?" என்று அவரும் அழுதார், நடுவில் சிரித்தார்.

அன்றிலிருந்து எங்கள் சேர்க்கைப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: 'வீட்டில் காலமானவர் யாராவது பூனையோடு பேசுவதுண்டா?' கோபு அதை வருகிறவர்கள் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டுவார். ரஹீம் அண்ணன் மீசையை நீவிக்கொண்டு என்னைவிடப் பெரிதாகச் சிரிப்பார். இதுவரை மூன்று பேர் 'உண்டு' என்று எழுதியிருக்கிறார்கள்.

அதில் இரண்டு பேர் எந்த இயந்திரமும் கொண்டுவரவில்லை.