ஒன்றும் தெரியாத ஆள் தேவை

கற்பித்தல் மனிதகுலத்தின் தலையாய சேவை. அதைத் திட்டமிடாமல் செய்வது தலையாய குற்றம். இந்தப் பேருண்மையை வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இயங்கும் கல்வி நிறுவனம் ஒன்று கண்டுபிடித்து, "பாட வடிவமைப்பு டிப்ளோமா" என்று பெயரும் வைத்து நடத்திவருகிறது.

அங்கே படிக்கும் மிதுனாவின் இறுதிச் செயற்றிட்டம் லேசானது. உயிருள்ள ஒரு ஆளுக்கு உருப்படியான ஒரு விசயத்தைப் படிப்பிக்க வேண்டும். ஆள் வீட்டு வாசலிலேயே கிடைத்தா: கிழமைக்கு மூன்று நாள் முகத்துவாரத்திலிருந்து மீன் கொண்டுவரும் மெற்றில்டா. அரசாங்க மாடிவீட்டுத் திட்டத்துக்கான நாலு பக்கப் படிவம் ஒன்று அவவின் கையில் இருந்தது. மாத முடிவுக்குள் நிரப்பிக் கொடுக்காவிட்டால், ஒழுகுகிற பலகை வீட்டில்தான் இன்னும் பத்து வருசம்.

"தமிழிலதான் இருக்கு தங்கச்சி. ஆனா என்ன தமிழெண்டுதான் தெரியல்ல," என்றா மெற்றில்டா.

அதுவும் உண்மைதான். வாடகை வீடா சொந்த வீடா என்று கேட்க வேண்டிய இடத்தில் "வதிவிட அனுபோக உரித்தின் தன்மை" என்று கேட்டிருந்தார்கள். அரை மணித்தியால வேலை என்று நினைத்தாள் மிதுனா. பாவம், பிள்ளைக்கு அனுபவம் போதாது.

"இண்டைக்கே சொல்லிக்குடுக்கட்டோ, சேர்?" என்று இணைப்பாளர் வரதராசாவிடம் கேட்டாள்.

அவர் பதறிப்போனார். "திட்டம் அங்கீகரிக்க முன்னம் சொல்லிக்குடுத்தா அதுக்குப் பேர் உதவி, பிள்ளை. உதவிக்குப் புள்ளி இல்லை."

"கற்பவர் படிவத்தை விளங்கிக்கொள்வார்" என்று நோக்கம் எழுதிக் கொடுத்தாள்.

"விளங்கினதை எந்த அடிமட்டத்தால அளப்பீர்?"

"நிரப்புவார்" என்று மாற்றினாள்.

"எத்தனை நிமிசத்தில? இருந்துகொண்டோ, நிண்டுகொண்டோ?"

இருந்துகொண்டுதான் என்று முடிவெடுக்க ஒரு கிழமை போனது. அடுத்தது தேவைப் பகுப்பாய்வு. ஒரு ஆளுக்குத் தேவை இருந்தால் அது தேவையில்லையாம், ஆசையாம். முப்பது பேருக்கு இருந்தால்தான் தேவை. மிதுனா ஆறு பக்க வினாக்கொத்துத் தயாரித்தாள். கௌரவமாக இருக்கட்டுமென்று படிவத்தின் தமிழையே அதிலும் அள்ளிப் போட்டாள். ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன கருத்தென்று மெற்றில்டாவுக்குச் சொல்லி, முப்பது பிரதியையும் கையில் கொடுத்துவிட்டாள். அவ அதைக் கடற்கரைக்குக் கொண்டுபோய், முப்பது பெண்களைப் பிடித்து இருத்தி, ஒவ்வொரு கேள்வியாக விளங்கப்படுத்தி, அத்தனையையும் நிரப்பிக்கொண்டு வந்தா.

முப்பதாவது ஆளோடு மெற்றில்டாவுக்கு அந்தத் தமிழ் தண்ணிபட்ட பாடாகிவிட்டது. தன் படிவத்தைத் தானே நிரப்பி, தானே கொண்டுபோய் வீடமைப்பு அலுவலகத்தில் கொடுத்தும்விட்டா. மிதுனாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வரதராசாவிடம் ஓடினாள்.

"முன்சோதனை வச்சனீரோ?"

அதே வீட்டுப் படிவத்தின் வெற்றுப் பிரதி ஒன்றைக் கொடுத்து வைத்தாள். மெற்றில்டாவுக்கு நூற்றுக்கு நூறு.

வரதராசா தலையில் கைவைத்துக்கொண்டார். "முன்சோதனையில நாற்பதுக்குக் கீழ எடுத்தாத்தான் கற்பவர். இது தெரிஞ்ச ஆள். தெரிஞ்ச ஆளுக்கு என்னத்தைப் படிப்பிக்கிறது? உம்மட திட்டம் சரிவராது."

மிதுனா மெற்றில்டாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "அக்கா, எனக்காக ஒருக்கா பிழையா நிரப்புங்கோ. பிறகு நான் படிப்பிச்ச மாதிரிச் சரியா எழுதுங்கோ."

"ஐயோ மாதாவே! கஷ்டப்பட்டுப் படிச்சதைப் பிழையாவா எழுதச் சொல்றீங்க?" என்றாலும், இந்தப் பிள்ளைக்காகத்தானே என்று எழுதினா. 1979 என்ற பிறந்த ஆண்டை 2079 ஆக்கினா. புருசனின் பெயர் கேட்ட இடத்தில் பாரை மீன் என்று போட்டா. பதினொரு புள்ளி. திட்டம் அன்றைக்கே அங்கீகரிக்கப்பட்டது. பாடம் நடந்தது, பின்சோதனையில் நூறு, மிதுனா விசேட சித்தி பெற்றுத் தேறினாள்.

வரதராசா எதையும் அரைகுறையாகச் செய்யும் மனிதரில்லை. "சம்பந்தப்பட்ட தரப்புக்கு அறிவித்தல்" என்று விதியில் இருந்ததால், பதினொரு புள்ளி எடுத்த அந்த முன்சோதனைப் படிவத்துக்கு நிறுவனத்தின் சீலைக் குத்தி, உறையிலிட்டு, வீடமைப்பு அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார்.

அலுவலகமும் விதிப்படியே நடந்தது. ஒரே ஆளிடமிருந்து இரண்டு படிவம் வந்தால், சீல் உள்ளதுதான் செல்லுபடியாகும். சான்றிதழ் வழங்கிய நாளில் மெற்றில்டா ஒரு கடிதத்தோடு மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தா. "விண்ணப்பதாரியாகிய தாங்கள் இதுவரை பிறக்கவில்லை என்பதால் தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகின்றது. பிறந்து பதினெட்டு வயது பூர்த்தியானதும் மீண்டும் விண்ணப்பிக்கலாம்."

வரதராசா இரண்டு தரம் வாசித்தார். முகம் மலர்ந்துபோனது. "பாத்தீரே பிள்ளை! இப்பதான் அம்மாவுக்கு உண்மையான தேவை வந்திருக்கு. மேன்முறையீடு எழுதப் படிப்பிக்கிறது அடுத்த தொகுதிப் பிள்ளையளுக்கு அருமையான செயற்றிட்டம்!"

மெற்றில்டா அவரைப் பார்க்கவில்லை. மிதுனாவைத்தான் பார்த்தா. "நான் சரியாத்தானே எழுதிக் குடுத்தன், தங்கச்சி," என்றா.

மிதுனாவுக்கு அழுகை வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. "என்னாலதான் அக்கா," என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். குனிந்தவள், கையிலிருந்த சான்றிதழில் தன் பிறந்த திகதி சரியாக இருக்கிறதா என்று ஒருக்கால் பார்த்துக்கொண்டாள்.