ஆறரை அண்ணன் முட்டியில் போர்வெல் போட்ட கதை

எலும்பு டாக்டரைப் பார்த்து, "கேசிங் பைப் எத்தனை அடிக்கு எறக்குவீங்க?" என்று கேட்ட ஒரே நோயாளி இந்தப் பூலோகத்தில் எங்கள் ஆறரை அண்ணன்தான். இன்னொருவர் இருப்பதாக யாராவது சொன்னால் அழைத்து வாருங்கள், அவருக்கு என் செலவில் புரோட்டா வாங்கித் தருகிறேன்.

ஆறரை என்பது அப்பா அம்மா வைத்த பெயரில்லை. அண்ணன் திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டியில் டிரில்லர். வீட்டுக்குக் குழி போடுகிறவர்கள் எத்தனை இஞ்ச் அகலம் வேண்டும் என்று கேட்டால், யோசிக்காமல் "ஆறரை போதுமுங்க" என்பார். ஒரு கல்யாணப் பந்தியில் எத்தனை இட்லி வைக்கட்டும் என்று கேட்டதற்கும் அதையே சொன்னதாக அவருடைய கூட்டாளிகள் சத்தியம் செய்தார்கள். எதிர்வீட்டில் குடியிருந்த எனக்கு அவருடைய உண்மைப் பெயரே ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மனிதர்களையும் அவர் அடிக்கணக்கில்தான் அளப்பார். இரக்கமுள்ள ஆளாக இருந்தால், "எரநூறு அடியிலயே தண்ணிங்க." கல்நெஞ்சக்காரராக இருந்தால், "ஆயிரம் அடி போனாலும் புழுதிப் புகைதானுங்க, சொட்டுத் தண்ணி வராதுங்க." நான் எத்தனை அடி என்று ஒருநாள் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்க தண்ணி இருக்குன்னு இன்னும் பாயிண்டே பாக்குலீங்க" என்றார்.

அவருடைய மனைவி ருக்கு அக்காவுக்கு முதுகெலும்பில் அடிபட்டுப் பதினொரு வருடமாக இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆனால் வாய்க்கு ஒரு குறையும் கிடையாது. போர்வெல் வண்டி அனுப்புகிற ஒரு ரிக் ஏஜென்சிக்கு வீட்டிலிருந்தே போன் எடுக்கிற வேலை பார்த்தார். காலை ஒன்பது மணிக்கு அக்கா போன் மேஜையில் இருந்தாக வேண்டும். அண்ணன்தான் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைப்பார். ஒரு தடவை உறவுக்காரப் பெண் தூக்கப் போய் நழுவ விட்டுவிட்டதால், வேறு யார் கையும் தன்மேல் படக்கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார். இதற்காகவே அண்ணன் வெளிமாநில வண்டிகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டு, போய்விட்டு அன்றே திரும்பக்கூடிய இடங்களில் மட்டும் வேலை செய்தார். இதை அவர் ஒரு தியாகமாகச் சொல்லிக் கேட்டதில்லை. வண்டிக்கு டீசல் போடுகிற மாதிரி சாதாரணமாகச் செய்வார்.

அந்த மனிதருடைய முட்டியில்தான் ஒருநாள் டிரில் ராடு வந்து மோதியது. வீக்கம் வடிந்தும் வலி போகவில்லை. ஆட்டுக்கால் சூப்பு குடித்தார், தைலம் தேய்த்தார், பள்ளிபாளையத்தில் யாரிடமோ போய்க் கட்டும் கட்டிக்கொண்டார். ஒரு காலையில் அக்காவைத் தூக்கும்போது முட்டி மடங்கி, இரண்டு பேரும் கட்டிலில் விழுந்தார்கள். அன்று முகம் வெளுத்துப்போய் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"காரை எடுங்க சாமி. நாளைக்கு அவளக் கீழ போட்டுட்டன்னா நான் மனுசனே இல்லீங்க."

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஓர் இளம் பெண் டாக்டர். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, எலும்பு முனையைப் போர்த்தியிருக்கிற குருத்தெலும்பில் சட்டைப் பொத்தான் அளவுக்குப் பெயர்ந்திருக்கிறது என்றார்.

"அது தானா வளராதுங்களா, அம்மிணி?"

"வளராதுங்க. அதுக்கு ரத்த ஓட்டம் கிடையாது."

"முட்டியவே மாத்தீருங்களேன்?"

"இந்தச் சின்னப் பள்ளத்துக்கு எதுக்குங்க முழு முட்டியை மாத்தணும்? வேற வழியெல்லாம் இருக்கு."

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, அதில் ஒரு பகுதியை ஊசியாகப் போடலாம். வலி குறையலாம், பள்ளம் மூடாது. பாரம் விழாத இடத்திலிருந்து எலும்போடு குருத்தெலும்பைத் துண்டாக எடுத்துப் பள்ளத்தில் பதிக்கலாம். உங்கள் செல்களை எடுத்து லேபில் வாரக்கணக்கில் வளர்த்து, இன்னொரு ஆபரேஷனில் வைக்கலாம்; பெரிய பள்ளங்களுக்கு அது நல்லது.

"நாத்து உட்டு, பறிச்சு நடற மாதிரிங்களா?"

"ஏறக்குறைய அப்படித்தான். ஆனா உங்களுக்கு அது வேண்டாம். பள்ளத்தைச் சுத்தம் பண்ணிட்டு, அடியில இருக்கற எலும்புல சின்னச் சின்னத் துளை போடுவோம். உள்ளேயிருந்து மஜ்ஜை ரத்தம் மேல வந்து உறையும். கொஞ்சம் கொஞ்சமா அது ஒரு மாதிரி குருத்தெலும்பா மாறும்."

அண்ணன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். கண் இரண்டும் பளபளத்தன.

"துளை போட்டா அடியில இருந்து மேல வருமுங்களா?"

"வரும்."

"அப்ப இது நம்ம தொழிலுங்க!"

அப்போதுதான், குழியில் மண் சரியாமலிருக்க இறக்குகிற அந்தக் கேசிங் பைப்பைப் பற்றிய கேள்வியைக் கேட்டார். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பிறந்தபோது இருந்த மாதிரியே புதுசாக வந்துவிடாது, ஆனால் பல வருடம் தாங்கலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார். அண்ணனுடைய உற்சாகம் சட்டென்று இறங்கியது.

"அறுவத்திரண்டு கெலோ எப்பங்க தூக்கலாம்?"

"என்ன மூட்டைங்க?"

"மூட்டை இல்லீங்க. ஊட்டுக்காரி."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு முழு விவரமும் கேட்டார். ஆறு மாதம் போகட்டும், அப்புறம் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

ஆபரேஷன் அன்று, பூஜை போடாமல் எந்தப் பாயிண்டிலும் டிரில்லைத் தொட்டதில்லை என்று எலுமிச்சம்பழமும் சூடமுமாக வந்தார். சூடத்தை வாசலிலேயே நர்ஸ் பிடுங்கிக்கொண்டார். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டதால், அண்ணன் விழித்துக்கொண்டே திரையில் தன் முட்டியைப் பார்த்தாராம். டாக்டர் பிற்பாடு என்னிடம் சொன்னது இது. துளை எவ்வளவு ஆழம் என்று கேட்டிருக்கிறார். மூன்று நான்கு மில்லிமீட்டர் என்றதும், "பாறையே வந்திருக்காதுங்களே" என்று வருத்தப்பட்டிருக்கிறார். துளைகளை நெருக்கிப் போடாமல் இடைவெளி விட்டதைப் பார்த்து, "அதேதானுங்க! பக்கத்துல பக்கத்துல போட்டா எல்லாம் கெட்டுப்போயிரும்" என்று சர்டிபிகேட் கொடுத்திருக்கிறார். கடைசியில் துளைகளிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம் கசிந்து வந்தபோது, "அடிச்சாச்சுங்க!" என்று போட்ட கத்தலில், கத்தரிக்கோல் கொடுக்கிற பெண் திடுக்கிட்டுவிட்டாராம்.

வீட்டுக்கு வந்த நான்காம் நாள்தான் வினை. காலையில் போய்ப் பார்த்தால், அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆபரேஷன் செய்த காலை ஊன்றி, அரைகுறையாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார். வியர்வையில் பனியன் நனைந்திருந்தது.

"என்னண்ணா பண்றீங்க?"

"ஃப்ளஷிங்குங்க. போர் போட்டா ஒடனே காத்து அடிச்சு சேத்தை வெளிய தள்ளோணும். இல்லீன்னா குழி மூடிக்கும். அம்மிணி சின்னப் புள்ள, மறந்திருக்கும்."

முட்டி பப்பாளிப்பழமாக வீங்கியிருந்தது. மறுபடி காரை எடுத்தேன். டாக்டருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"உங்க போர்ல சேறு வேண்டாதது. இங்க அந்தச் சேறுதாங்க வேணும்! அது அசையாம உறைஞ்சாத்தான் குருத்தெலும்பு. இன்னொரு தடவை பாரம் போட்டு அது பேந்துருச்சுன்னா, உங்க சம்சாரத்தைத் தூக்கறதையே மறந்துருங்க."

அண்ணன் குழந்தை மாதிரி அழுதுவிட்டார். நல்லவேளை, உறைந்தது பெயரவில்லை. அதன் பிறகு ஆறு வாரம் அந்தக் கால் தரையைத் தொடவில்லை. தூக்கத்தில்கூட ஊன்றிவிடக் கூடாது என்று கால் கட்டைவிரலைத் துண்டால் ஜன்னலோடு கட்டிக்கொண்டு படுத்தார்.

அக்காவை யார் தூக்குவது? என் மனைவி போனாள், அக்கா மறுத்துவிட்டார். கட்டிலிலேயே படுத்தபடி போன் எடுத்தார். பார்க்கப் பொறுக்காமல் அண்ணன் தன் கூட்டாளிகளுக்குச் சொல்லியனுப்பினார். கிணற்றுக்குள் மோட்டார் இறக்குகிற இரும்பு முக்காலியையும், சங்கிலிக் கப்பியையும், ஜமுக்காளத்தில் தைத்த தூளியையும் கொண்டுவந்து கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவில் நிறுத்தினார்கள்.

"ஏனுங்க, நானென்ன சப்மெர்சிபிள் மோட்டாருங்களா?" என்றார் அக்கா.

"மனுசன் கைதானே வேண்டாங்கிற? இது இரும்பு. எனக்காவ ஒருக்கா பாரு சாமி" என்றார் அண்ணன்.

கைகளை ஊன்றி நகர்ந்து தூளியில் உட்கார்ந்த அக்கா, சங்கிலியை இழுக்கிறவனைத் தள்ளிவிட்டு, தானே இழுக்க ஆரம்பித்தார். ஒரு ஜாண் எழும்பினார். இரண்டு ஜாண் எழும்பினார். பதினொரு வருடத்தில் முதல் முறையாக, யாரும் தொடாமல் தன் கை பலத்திலேயே கட்டிலை விட்டு எழுந்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். அண்ணனும் கைதட்டினார்தான். ஆனால் அவர் முகம் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு மாதத்தில் அக்கா அதில் கைதேர்ந்துவிட்டார். அண்ணன் எழுவதற்கு முன்பே மேஜைக்குப் போய்விடுவார். இவர் அக்குள் கட்டையை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நிற்பார், ஆளெல்லாம் இறங்கிய பிறகும் ஸ்டாப்பிலேயே நின்றுவிட்ட பஸ் மாதிரி. தசைப் பயிற்சியை மட்டும் ஒரு நாளும் விடவில்லை. "இனி எதுக்குண்ணா இவ்ளோ கஷ்டப்படறீங்க?" என்று நான் கேட்டுத் தொலைத்தேன். அவர் காலை இன்னொரு தடவை நீட்டி மடக்கினார்.

ஆறு மாதம் கழித்து டாக்டர் முட்டியை மடக்கிப் பார்த்து, ஒற்றைக் காலில் நிற்க வைத்துப் பார்த்து, "ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை. முட்டியைத் திருகாம தூக்குங்க" என்று அனுமதி கொடுத்தார். வழி நெடுக அண்ணன் முட்டியைத் தடவிக்கொண்டே வந்தார்.

மறுநாள் விடிந்ததும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் போய் மாப்பிள்ளை மாதிரி நின்றார். ஏதாவது அவசரமென்றால் பிடிக்க என்னையும் வரச் சொல்லியிருந்தார். அக்கா ஏற்கெனவே தூளிக்குள் உட்கார்ந்து சங்கிலியில் கை வைத்திருந்தார்.

"டாக்டரம்மிணி தூக்கலாம்னுருச்சு" என்றார் அண்ணன், தரையைப் பார்த்து. "உனக்குத் தேவைப்பட்டா."

அக்கா அவருடைய வெள்ளை வேட்டியைப் பார்த்தார். சங்கிலியை ஓர் இழுப்பு இழுத்தார். சத்தமே வரவில்லை.

"கிரீச் கிரீச்சுன்னு என்னமாக் கத்துது பாருங்க, காது வலிக்குது. எண்ணெ போடற வரைக்கும் காலைல நீங்களே தூக்குங்க."

அண்ணன் காலை அகட்டி வைத்து, முட்டியைத் திருகாமல், மெதுவாகத் தூக்கினார். அக்கா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

ஒரு வருடம் ஆகிறது. கிரீஸில் பிறந்து கிரீஸில் வளர்ந்த அந்த மனிதருக்கு, ஒரு சங்கிலிக்குப் போட இன்னும் நாலு சொட்டு எண்ணெய் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. அவரும் கேட்கவில்லை, கேட்டாலும் நான் கொடுக்கப் போவதில்லை.