சஸ்பென்ஷன் மேடமும் குனியாத வண்டியும்

அரசு வேலையில் இருந்துகொண்டு சஸ்பென்ஷனைப் பற்றி நாள் முழுக்க ஆசை ஆசையாகப் பேசிய ஒரே ஜீவன் இந்தப் பூமியில் எங்கள் மேடம்தான். மற்றவர்கள் அந்தச் சொல்லை வாயில்கூட எடுக்கமாட்டார்கள். போடி அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, எனக்கு ஒரு சஸ்பென்ஷன் சோலி இருக்கு. கூட இருந்து ஒத்தாசை பண்றியா?" என்றார். நான் நேராக யூனியன்காரரிடம் ஓடினேன். மேடம் சொன்னது மோட்டார் சைக்கிளின் குலுக்கலைத் தாங்குகிற முன்பக்க சஸ்பென்ஷன் என்று தெரிய வருவதற்குள் ஆர்ப்பாட்டத்துக்குத் தட்டி எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. சஸ்பென்ஷன் மேடம் ராசிங்காபுரத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். பருத்திப் புடவை, நெற்றியில் கீற்றாக விபூதி. கோப்பில் ஒரு எழுத்துப் பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார். கோவைப் பக்கம் ஒரு ரேஸ் டிராக்கில், யார் வேண்டுமானாலும் தங்கள் வண்டியைக் கொண்டுபோய் ஓட்டலாம் என்று சில நாட்களில் விடுவார்கள். மேடம் அங்கே ஒருமுறை ஓட்டிவிட்டு வந்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது.

"வளைவுக்கு முன்னாடி பிரேக்கைப் பிடிச்சா வண்டி மூக்கைக் குத்திக்கிட்டு முழுசா உக்காந்துருது தம்பி. அப்புறம் வளைவுல சக்கரம் மேல கீழ போறதுக்கு எடமே இல்ல. சரின்னு விறைப்பா வச்சா டயரு தரையைப் பிடிக்காம வழுக்குது. நடுவுல ஒரு எடம் இருக்கு. அதைத் தேடணும்."

தேடலுக்கு நான்தான் டேப் பிடிக்கிற ஆள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், அலுவலகத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் கொட்டகையில் வேலை நடக்கும். ஓட்டும்போது இருக்கிற எடையோடுதான் உட்கார வேண்டும் என்று தலை முதல் கால் வரை கறுப்புத் தோல் உடுப்பு, கறுப்புக் கண்ணாடி வைத்த ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கொள்வார். வண்டியை ஒருவர் நிமிர்த்திப் பிடிக்க, மேடம் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருப்பார். முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்குக் குழாய் அவர் எடைக்கு எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்று நான் கீழே குந்தி அளப்பேன். ஒருநாள் பட்டா விஷயமாக வந்த சிலமலை ஊர்ப் பெரியவர் ஒருவர் வழிதவறி அங்கே வந்துவிட்டார். முகமில்லாத கறுப்பு உருவம், அதன் காலடியில் தலைகுனிந்து நான். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, மனுவை உருவத்தின் மடியில் வைத்துக் கும்பிட்டார். உருவம் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "ஆதார் நகல் வைக்கலையே" என்றது. மனிதர் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினார்.

நின்றபடி அளந்தது போதாதென்று, பிரேக் பிடித்தும் பார்க்கவேண்டும் என்றார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது போடிமெட்டு மலைப்பாதை. உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவு. சனிக்கிழமை விடியக்காலையில் அவர் முன்னால், நான் என் வண்டியில் பின்னால் போவோம். "வேகமெல்லாம் டிராக்குல. ரோட்டுல சோதனை மட்டுந்தான்" என்பதில் கறாராக இருந்தார். ஃபோர்க்குக் குழாயில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தை மாட்டிவிடுவார். குழாய் எதுவரை இறங்கியதோ அதுவரை வளையம் தள்ளப்பட்டு நிற்கும். இன்ஜின் ஓடினால் ஃபோர்க்கு பேசுவது கேட்காதாம். அதனால் இன்ஜினை அணைத்துவிட்டு, இறக்கத்தில் மெதுவாக உருண்டு வருவார். அளந்து முடித்ததும் இருவருமாக வண்டியை மறுபடி மேலே தள்ளிக்கொண்டு போவோம்.

வாசகர்கள் அதைக் கற்பனை செய்து பார்க்க வேண்டும். கையை நீட்டினால் விரல் தெரியாத, மலைக்காரர்கள் மஞ்சு என்கிற மூடுபனி. ஏலத்தோட்டத்து ஈர வாசம். அந்த வெள்ளைக்குள்ளிருந்து சத்தமே இல்லாமல் ஒரு கறுப்பு உருவம் வரும். வளைவில் நிற்கும். வண்டி பள்ளத்தாக்கைப் பார்த்து ஒருதரம் குனிந்து, 'ஹ்ஸ்ஸ்' என்று பெருமூச்சு விட்டபடி நிமிரும். பிறகு மஞ்சுக்குள் மறையும். கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும், குனியும், மூச்சு விடும். என்ன நடக்கிறது என்று தெரிந்த எனக்கே பின்கழுத்து சில்லிடும்.

தெரியாதவர்கள் பாடு? தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டுநர் முத்துப்பாண்டி ஒருநாள் டீக்கடையில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, மேல வளைவுல ஒண்ணு நிக்கிது. மூஞ்சி இல்ல. பள்ளத்தைப் பாத்துக் கும்புடுது. ஜீப்புல அத்தனை பேரும் பேடிச்சுப் போயிட்டாங்க." எல்லைப் பக்கம் ஓட்டுகிறவர்கள் பயப்படுவது மலையாளத்தில்தான்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று மேடத்திடம் கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

"பொம்பளைன்னு தெரிஞ்சா, இந்த வயசுல உனக்கு எதுக்கு இதுன்னு ஆயிரம் கேள்வி கேப்பாங்க தம்பி. பேய்னா ஒரு பய கேக்கமாட்டான்."

அதுவும் சரிதான். வளைவில் எலுமிச்சம்பழங்கள் வர ஆரம்பித்தன. மேடம் அவற்றைப் பொறுக்கிவந்து ஊறுகாய் போட்டார். அலுவலகமே ருசித்துச் சாப்பிட்டது.

கடைசியில் அந்த நடு இடம் கிடைத்தது. ஸ்பிரிங்கை மாற்றி, ஆயிலை மாற்றி, ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் என்ற விரதத்தோடு மேடம் அதைப் பிடித்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை கோவை டிராக்கில் இருந்தோம். முதல் ஓட்டம் முடிந்து மேடம் வந்து நின்றார். நான் குனிந்து வளையத்தைப் பார்த்தேன். முழுசாக உட்கார்ந்துவிடாமல், அடிமட்டத்துக்குக் கொஞ்சம் மேலேயே நின்றிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிய மேடத்தின் முகத்தில், பதவி உயர்வு வந்தபோதுகூட நான் பார்க்காத சிரிப்பு.

அப்போதுதான் முத்துப்பாண்டியிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, உசுரு பொழச்சு வந்து பேசுறேன்! காலைல ஜீப்பு நெறையப் பொம்பளைக. அந்த வளைவுக்கிட்ட வர்றேன், அது ரோட்டுக்குக் குறுக்க வந்து நின்னுருச்சு. எப்பவும் ஓரமாத்தான் நிக்கும். நானும் பிரேக்கை மிதிச்சுட்டேன். நின்ன மறுநொடி, முன்னால பாறை சரிஞ்சு விழுகுது. தூசி அடங்கிப் பாத்தா, அங்க யாருமே இல்ல. பாறைதான் கெடக்குது."

மேடத்தின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். விடிந்ததிலிருந்து இருவரும் கோவையில்தான் இருந்தோம். மேடம் போனை வாங்கினார். யார், என்ன என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"ஏம்ப்பா, அது பிரேக் பிடிச்சு நின்னப்ப முன்பக்கம் குனிஞ்சுச்சா?"

"இல்லீங்க... நீங்க யாரு? கேட்டப்புறந்தான் ஞாவகம் வருது. எப்பவும் குனியும். இன்னைக்குக் குனியல. ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு."

மேடம் போனைத் திருப்பித் தந்தார். "குனியாம எந்த வண்டியும் நிக்க முடியாது தம்பி" என்றார். அடுத்த ஓட்டத்துக்கு அழைத்தார்கள். மேடம் போகவில்லை.

மறுவாரம், பாறைகளை அகற்றிப் பாதை திறந்ததும் மலைக்குப் போனோம். வளைவில் முத்துப்பாண்டியின் ஜீப்பு நின்றது. பெண்கள் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பு உடுப்பில் மேடத்தைக் கண்டதும் எல்லாரும் உறைந்து நின்றார்கள். மேடம் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"இத்தனை நாளா நீங்க பாத்தது என்னைத்தான். ஆனா, அன்னைக்கு வந்தது நான் இல்ல. நான் அன்னைக்கு ஊருலயே இல்ல. என்னைக் கும்புடாதீங்க."

அந்தக் கும்பிடைத் தனக்கென்று வாங்கிக்கொண்டிருக்கலாம். ஒரு ஊரே காலில் விழத் தயாராக இருந்தது. மேடத்துக்கு, தான் செய்யாத வேலையில் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை.

மூத்த பெண் ஒருத்தி கிட்டே வந்து மேடத்தின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "நீ இல்லேன்னா போகுது ஆத்தா. உன்னைப் பாத்துப் பயந்துதானே இந்தப் பய இந்த எடத்துல மெதுவா உருட்டிக்கிட்டு வரப் பழகினான்? வெரசா வந்திருந்தா யாரு வந்து நின்னாலும் வண்டி நின்னுருக்குமா?"

ஜீப்பு கிளம்பிப் போனது. மஞ்சு இறங்கி வந்து எங்களை மூடியது. மேடம் காலியான சாலையைப் பார்த்து, மேலதிகாரிக்குச் செய்வதுபோல் விறைப்பாக ஒரு வணக்கம் வைத்தார்.

"கிளம்பு தம்பி. நீ முன்னால போ. நான் பின்னாலேயே வர்றேன்."

எப்போதும் அவர்தான் முன்னால் போவார். அன்று எனக்கு இருந்த பயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அடிவாரம் வரை என் வண்டியின் பக்கக் கண்ணாடியில் ஒற்றை விளக்கு, விலகாமல், நெருங்காமல், என் வேகத்துக்கே வந்தது. அது அவர்தானா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்தான்.