பின்னு பாயும் இருபத்தைந்து ஓட்டைகளும்

பின்னு பாயைப் போலக் கோபப்படத் தெரிந்த மனிதர் இந்தக் கடற்கரையில் அவருக்கு முன்னும் பிறக்கவில்லை, இனியும் பிறக்கப்போவதில்லை. சந்தேகமிருந்தால் கல்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரை எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். அரசியல், கிரிக்கெட், மூன்று மணி நேரம் வராத பஸ், எதற்கும் அவர் முகம் சுளித்ததில்லை. ஆனால் எந்தக் கம்பெனிக்காரனாவது பழைய சாக்கெட்டை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தான் என்று காதில் விழுந்தால் போதும். மனிதர் சோடா பாட்டில் மாதிரிப் பொங்குவார்.

சதுரங்கப்பட்டினத்தில் அவருக்கு ரேடியோ, டிவி ரிப்பேர் கடை. எந்த சாமானைக் கொண்டு போனாலும், என்ன கோளாறு என்று கேட்கமாட்டார். "இதுல எத்தினி பின்னு?" என்றுதான் கேட்பார். பெயர் வந்தது அப்படித்தான். பெற்றவர்கள் வைத்த பெயரை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் திட்டியிருப்பார்.

எனக்கு அப்போது கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை. சனி, ஞாயிறுகளில் கல்யாண ரிசப்ஷன்களில் ஒரு குழுவோடு கீபோர்டு வாசிப்பேன். என்னிடம் இருந்தது சாம்பிளர் என்கிற ஜாதி. ஒரு சத்தத்தை ஒரு தடவை காட்டிவிட்டால் பிடித்து வைத்துக்கொண்டு, கட்டையை அழுத்த அழுத்த அதையே எல்லா ஸ்வரத்திலும் திருப்பித் தரும். தொண்ணூறுகளின் நடுவில், மாமல்லபுரத்தில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் தூக்கிப்போக முடியாமல் என் தலையில் கட்டிவிட்டுப் போனது. திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒரு நாதஸ்வரக்காரரையும் தவில்காரரையும் வீட்டுக்கு அழைத்து, ஒரு பகல் முழுக்க வாசிக்கவைத்து, பதினான்கு பிளாப்பியில் பதிந்து வைத்திருந்தேன். எங்கள் குழுவின் பிழைப்பே அந்த நாதஸ்வரத்தில்தான் ஓடியது.

உப்புக்காற்று விடுமா? பத்து வருஷத்தில் சாம்பிளரின் பிளாப்பி வாய் துருப்பிடித்துச் செத்துவிட்டது. நல்லவேளையாக, பிளாப்பிகள் பூசணம் பூப்பதற்குள் எல்லாவற்றையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். ஆக, சத்தமெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வாசிக்கவேண்டிய பெட்டி காலியாக இருக்கிறது. இரண்டும் ஒரே மேஜையில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சும்மா இருக்கின்றன. இரண்டு மாதம் கழித்து மதுராந்தகத்தில் ஒரு ரிசப்ஷன் ஒப்புக்கொண்டாயிற்று. பெண் வீட்டார் நாதஸ்வரத்துக்காகவே எங்களைத் தேடி வந்தவர்கள்.

பெட்டியைப் பாயிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். முதலில் சாதாரண கம்ப்யூட்டர் பிளாப்பி டிரைவ் ஒன்றை மாட்டிப் பார்த்தார். பெட்டி அதோடு பேசவில்லை.

"பாத்தீங்களா சார்? ஊர் ஒலகத்துக்கே ஒரு மாரி ஒயரிங்கு, இவனுக்கு மட்டும் தனி ஒயரிங்கு! இன்னாத்துக்கு? நாம வேற கடைக்குப் போவக்கூடாதாம்!"

பெட்டியின் முதுகில் இருபத்தைந்து ஓட்டை உள்ள ஒரு சாக்கெட் இருந்தது. கம்ப்யூட்டரின் முதுகிலும் பிரிண்டருக்காக அதே இருபத்தைந்து ஓட்டை. எண்ணிப் பார்த்துப் பூரித்துப்போன நான், "பாய், ரெண்டும் ஒண்ணுதான்! ஒரு ஒயர் போட்டா முடிஞ்சுது" என்று சொல்லி வாய் மூடவில்லை. என் புறங்கையில் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு போடு போட்டார்.

"அறிவு கீதா சார் உங்களுக்கு? ஓட்டை ஒண்ணுதான், உள்ள ஓடுற கரண்டு வேற! சொருகினீங்கன்னா உங்க கம்ப்யூட்டரு ஊதுவத்தி ஏத்தும்!"

அவர் திட்டும்போதுகூட 'சார்' விடுபடாது. அதனால்தான் இன்னும் வலிக்கும்.

அன்று சாயங்காலமே சாம்பிளர் செய்த ஜப்பான் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். தமிழில்! "பாய், அவங்களுக்குத் தமிழ் தெரியாதே" என்றேன்.

"நம்ம ஊர்ல விக்கத் தெரியுதில்ல? படிக்கவும் ஆள் வைக்கட்டும்."

பத்தொன்பது நாளில் பதில் வந்தது. பளபளவென்று ஒரு புத்தகம், முழுக்கப் புது மாடல் கீபோர்டுகளின் படங்கள். பாய் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒவ்வொரு கீபோர்டின் முதுகையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "அந்த சாக்கெட்ட எடுத்துட்டான் சார். எடுத்தே போட்டுட்டான்" என்று மட்டும் சொன்னார். வீட்டில் ஒரு சாவு விழுந்த மாதிரி இருந்தது அந்தக் குரல்.

பிறகுதான் யுத்தம். சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக் கடைகளின் குப்பையிலிருந்து, ஏதோ பழைய ஸ்கேனரோடு வந்த கார்டு ஒன்றைப் பொறுக்கி வந்து என் கம்ப்யூட்டருக்குள் சொருகினார். பெட்டியின் பாஷை அதற்குத் தெரியுமாம். ஆனால் அதில் ஐம்பது பின். பெட்டியில் இருபத்தைந்து. நடுவில் இரண்டுக்கும் சமாதானம் பேச ஒரு அடாப்டர் வேண்டும். கடைகளில் கிடையாது. தானே செய்வதென்று கங்கணம் கட்டிக்கொண்டு, என் வீட்டு முன்னறையிலேயே சால்டரிங் இரும்போடு உட்கார்ந்துவிட்டார். ஒயருக்கு எங்கள் வீட்டுப் பிரிண்டர் கேபிளை வெட்டினார். மூடிவைக்க என் மனைவியின் சோப்பு டப்பாவை எடுத்துக்கொண்டார். சோப்பை ஜன்னலில் வைத்துவிட்டார். என் மனைவி கோயமுத்தூர்க்காரி, குரலை உயர்த்தமாட்டாள்.

"ஏனுங்க, உங்க சிநேகிதர் நாளைக்கு என்னத்தை வெட்டுவாருன்னு இன்னைக்கே சொல்லிட்டா, நான் ஒளிச்சு வெச்சுக்குவனுங்க" என்றாள்.

எனக்கும் ஆத்திரம்தான். யார் வீட்டு கேபிள்? யார் வீட்டு சோப்பு? ஆனால் பாயிடம் கேட்கிற தைரியம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

மூன்றாம் வாரம் சோப்பு டப்பா தயாரானது. மாட்டினோம். சத்தம் பாதி ஏறி நின்றுபோனது. மறுபடி ஏற்றினோம். முழுசாக ஏறியது, கட்டையை அழுத்தினேன். திருக்கழுக்குன்றத்து நாதஸ்வரம் ஆடு கத்துகிற மாதிரி கத்தியது. பாய் என் சட்டைக் கையைப் பிடித்துக் கடற்கரைக்கு இழுத்துப் போனார். கரையில் கொட்டியிருந்த கருங்கல் குவியலைக் காட்டினார்.

"அலை கல்லுல முட்டித் திரும்புது, பாத்தீங்களா? திரும்புறது வர்ற அலையோட சண்டை போடுது. அங்க மணல்ல பாருங்க. ஏறுது, அடங்குது. நம்ம ஒயர்லயும் சத்தம் கடைசி வரிக்கும் போயி முட்டித் திரும்புது சார். கடைசியில மணல் போடணும்."

மணலாவது, ஒயரின் கடைசி முனையில் வரிசையாகச் சின்னச் சின்ன ரெசிஸ்டர்கள். போட்டார். அழுத்தினேன். நாதஸ்வரம்! சாட்சாத் அதே நாதஸ்வரம்! என் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்து, தன் சோப்பு டப்பாவை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தாள்.

மதுராந்தகம் ரிசப்ஷனுக்கு பாயும் வந்தார். கரண்ட் போனால் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும்; மறுபடி ஏற்ற பத்து நிமிஷம் ஆகும். அதனால் கம்ப்யூட்டர், மேடையை அடைக்கிற மானிட்டர், சோப்பு டப்பா என்று சீர்வரிசை மாதிரி எல்லாம் கூடவே வந்தன. இரண்டு பாட்டு ஜோராகப் போயிற்று. மூன்றாவதில் மண்டபம் இருண்டது. ஜெனரேட்டர் ஒரே நிமிஷத்தில் வந்துவிட்டது. பெட்டி காலி.

ஏற்ற ஆரம்பித்தோம். பஸ் குலுக்கலில் தளர்ந்திருந்த ஒரு சால்டர் சோப்பு டப்பாவில் இப்போது விட்டுப்போயிருந்தது. பாய் அதை இடது கையில் ஒரு கோணத்தில் தூக்கிப் பிடித்தால்தான் வேலை செய்தது. பெண்ணின் தாய்மாமன் மேடைக்கே வந்துவிட்டார்.

"இன்னாயா, நாதஸ்வரம் வருமா, வராதா? சம்பந்தி வூட்டுக்காரங்க சிரிச்சிகினு கீறாங்க!"

பாய் வலது கையால் மைக்கைப் பிடுங்கினார்.

"வரும்! பத்து நிமிஷம் ஆவும்! ஏன் ஆவுது? யாரால ஆவுது? இந்த மண்டபத்துல எத்தினி பேர் வூட்ல, பழைய போனு செத்துப்போயி சார்ஜர் மட்டும் சும்மா கெடக்குது? கையத் தூக்குங்க!"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். போச்சு, இனி இந்த ஜில்லாவில் நமக்குக் கச்சேரி இல்லை என்று முடிவே செய்துவிட்டேன். கண்ணைத் திறந்தால் மண்டபம் முழுக்கக் கைகள்.

"ஒருத்தன் தடி பின்னு வைப்பான். அடுத்த வருசம் அவனே ஒல்லி பின்னு வைப்பான்! பொருளு நல்லாத்தான் கீது, ஓட்டை சேரலன்னு குப்பைக்கு அனுப்புறான்! இது அநியாயமா இல்லியா? மாப்பிள்ளை சொல்லட்டும்!"

மாப்பிள்ளை மாலையோடு எழுந்து, "அநியாயம்தான் பாய்!" என்றார். பக்கத்தில் பெண் கையைத் தூக்கியிருந்தாள். தாய்மாமன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அவரும் தூக்கினார். கைதட்டல் ஓயும்போது திரையில் 'முடிந்தது' என்று வந்தது. நான் கட்டையை அழுத்தினேன். அன்றைக்கு அந்த நாதஸ்வரத்துக்குக் கிடைத்த ஆரவாரம், நிஜமாக ஊதினவருக்கே வாழ்நாளில் கிடைத்திருக்காது. சாப்பாட்டுப் பந்தியில் எங்களைச் சுற்றிக் கூட்டம். எனக்கென்று நினைத்து எழுந்து நின்றேன். எல்லோரும் பாயிடம் சார்ஜர் ரிப்பேர் பற்றிக் கேட்க வந்தவர்கள்.

அடுத்த வருஷம் பாய் கடையை மூடிவிட்டு வாணியம்பாடிக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. அதற்கு நான் பட்ட கோபம் இருக்கிறதே, அவரிடமே பாடம் கேட்டவன் மாதிரிப் பட்டேன்.

பல மாதம் கழித்துக் கம்ப்யூட்டரில் வேண்டாததையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தபோது, 'டெஸ்ட்' என்ற பெயரில் நான் பதியாத ஒரு சத்தம் கிடந்தது. அடாப்டரைச் சோதிக்க பாயே மைக்கில் பேசிப் பதிந்திருக்கிறார். சாம்பிளரில் ஏற்றி ஒரு கட்டையை அழுத்தினேன்.

"இந்த ஆபீஸ் சாருக்கு ஒரு எழவும் தெரியாது. ஆனா வாசிச்சா கேட்டுகினே இருக்கலாம். அதுக்காவத்தான் இந்தப் பேஜாரெல்லாம்."

மேல் கட்டையில் அது எலிக்குஞ்சு மாதிரி வரும், கீழ்க் கட்டையில் எருமை மாதிரி வரும். நடுவில் ஒரே ஒரு கட்டையில்தான் பாயின் சொந்தக் குரல். இப்போதெல்லாம் பெட்டியைத் திறந்தால் முதலில் அந்தக் கட்டையைத்தான் அழுத்துகிறேன்.